பதினாலாம் கேள்வி

கேள்விகளைப் பற்றி வெளியே பேச மாட்டோம் என்று
காலையில்தான் எழுதிக் கொடுத்திருந்தோம்.
கூட்டெழுத்தில் எழுதவேண்டும் என்பது விதி.
எங்களில் ஒருவருக்கும் கூட்டெழுத்து வராது.
ஓர் எழுத்தின் வாலை இழுத்து
அடுத்ததன் காதில் கட்டி
எப்படியோ சத்தியம் செய்துவிட்டு உள்ளே போனோம்.

பன்னிரண்டே முக்காலுக்கு வெளியே வந்து
கர்ட்டிஸின் வண்டியில் ஐந்து பேர் அடைந்தோம்.
கதவு சாத்துமுன் சத்தியம் போயிற்று.

மார்ச் கடைசி.
துலூத் நகரத்தில் இதற்கு வசந்தம் என்று பெயர்.
ஏரியில் பாதி இன்னும் பனிக்கட்டி.

"பதினாலுக்கு என்ன போட்டே?"
"அனுமதி."
"ஐயோ. தண்டனை இல்லையா?"

சாங்ஷன் என்ற ஒரு சொல்தான்.
பத்தியில் அடிக்கோடு போட்டு
இங்கே இதன் பொருள் என்ன என்று கேட்டிருந்தார்கள்.
இரண்டு பொருளும் விடைகளில் இருந்தன,
சண்டை போட்ட அண்ணன் தம்பி மாதிரி
ஒன்று மேலே, ஒன்று கீழே.

கர்ட்டிஸ் ஹாக்கி ஆடுகிறவன்.
சங்கம் சாங்ஷன் செய்த போட்டியில்தான்
அவன் முன்பல் போனது.
"அதனால் அனுமதி. எனக்குத் தெரியாதா?" என்றான்
பல் போன சந்தில் காற்று வர.

மை யெருக்குப் பத்தியே நினைவிருந்தது.
நகரசபை அந்தக் கப்பலை சாங்ஷன் செய்தது,
ஆகவே மாலுமிகள் கரையிறங்கினார்கள்.
"ஆகவே இல்லை," ஐலி குறுக்கிட்டாள், "ஆனாலும்.
ஆனாலும் கரையிறங்கினார்கள்."
ஆகவே.
ஆனாலும்.
ஆகவேடி!

மூன்று மாதம் அட்டை அட்டையாக எழுதி
குளியலறைக் கண்ணாடி வரை ஒட்டிவைத்தோம்.
வாயில் நுழையாத ஆயிரம் சொற்கள்.
ஆகவேவுக்கு யாரும் அட்டை எழுதவில்லை.

பின்சீட்டின் நடுவில் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்த
பரஸ்து கையுறையைக் கழற்றினாள்.
"நான் தண்டனை போட்டேன்.
வாக்கியத்தைப் படிக்கவே இல்லை."

ஷீராஸில் இருக்கும் மாமாவின் மருந்துக்கு
அவள் அப்பா அனுப்பிய பணம்
மூன்று முறை திரும்பி வந்ததாம்.
மூன்று முறையும் வங்கிக் கடிதத்தில் அந்தச் சொல்.
அப்பாவுக்கு அதை அவள்தான் படித்துச் சொன்னாளாம்.
அதற்கு அட்டை தேவைப்படவில்லை.

ஹீட்டர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"அப்படிப் பார்த்தாலும்," என்றான் கர்ட்டிஸ், மெதுவாகத்தான்,
"தப்புன்னா கால் மார்க் பிடிப்பாங்க."

பரஸ்து அவனை நிமிர்ந்து பார்த்தாள்.
"உன் பல்லை உடைச்சவனை என்ன செஞ்சாங்க?"
"ரெண்டு ஆட்டம் ஆடக்கூடாதுன்னாங்க."
"அதுக்கு என்ன வார்த்தை?"

அவன் நாக்கு அந்தச் சந்தைத் தடவிப் பார்ப்பது
கன்னத்தில் தெரிந்தது.
முதலில் மை யெர் சிரித்தாள், பிறகு எல்லோரும்,
கடைசியாக, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, அவனும்.

"நீ என்ன போட்டே?" என்று என்னிடம் வந்தார்கள்.
நான் ஒன்றும் போடவில்லை.
ஐந்து வட்டமும் வெள்ளையாக விட்டுவிட்டேன்.
வெற்றிடத்துக்கு யாரும் மார்க் பிடிப்பதில்லை.
ஏனென்றால் எனக்கு அந்த வரி நன்றாக நினைவிருக்கிறது:
அங்கே ஆகவேயும் இல்லை, ஆனாலும் இல்லை.
ஓர் அரைப்புள்ளி.
சபை செய்ததைச் செய்தது; மாலுமிகள் கரையிறங்கினார்கள்.
நாலு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மறந்துபோச்சு" என்றேன்.

டோனட் கடைக்குப் போகும் வழியில் பாலம் தூக்கிவிட்டார்கள்.
பருவத்தின் முதல் கப்பல், துருப்பிடித்த வயிறு,
பனிக்கட்டியை நசுக்கிக்கொண்டு வந்தது.
கப்பல் ஊதியது, நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.
பாலமும் அதேபோல் திருப்பி ஊதியது.
"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள் ஐலி.
கர்ட்டிஸ் என்னவோ சொன்னான்.
கண்ணாடியை இறக்கியிருந்ததால் காதில் விழவில்லை.
பரஸ்து கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.