போதுமான தகவல்

புளோக் 417இன் கீழ்த்தளத்தில்
குடியிருப்பாளர் குழு போட்டுவைத்த படிப்பு மூலை.
ஆறு மேசை, இரண்டு மின்விசிறி;
அதில் ஒன்று என் தாள்களை மட்டும் தேடிப் பறக்கவிடும்.
டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்துவிட்டு
கோப்பி ஓ கோசோங் வாங்கிவரப் போவேன்.
இரவு ஒன்பது நாற்பது.
துவாஸ் கிடங்கின் இரும்புமுனைக் காலணி இன்னும் காலில்.

ஆறு பேர் ஒரு வேலையைப் பன்னிரண்டு நாளில் முடிப்பார்கள்.
எட்டுப் பேர்?
ஒன்பது நாள் என்கிறது விடைப்பக்கம்.
எனக்குக் கை ஓடவில்லை.
எட்டில் மொபாரக்குக்குப் பல்வலி.
செல்வமணி பெர்மிட் புதுப்பிக்கப் போயிருப்பான்.
லாரி கிராஞ்சி மழையில் நின்றிருக்கும்.
மூன்றாம் எண் கன்வேயர்
செவ்வாய்க்கிழமையானால் முரண்டு பிடிக்கும்.
பதினொன்று என்று எழுதி
சிவப்பில் அடி வாங்கினேன்.

எதிர் மேசையில் சீருடை மாற்றாத ஹஸிக்,
உயர்நிலை நான்கு,
எட்டிப் பார்த்தான்.
"ஆன்ட்டி, இது எங்களுக்குப் போன வருஷமே முடிஞ்சுபோச்சு.
ஆளை நினைக்காதீங்க, நம்பரை மட்டும் பாருங்க."
முப்பத்து நாலு வயதில் ஆன்ட்டி.
எது அதிகம் வலித்தது என்று தெரியவில்லை.

இன்னொரு வகைக் கேள்வி இருக்கிறது.
அது விடையே கேட்காது.
இரண்டு கூற்றைத் தந்துவிட்டு
விடை காண இவை போதுமா என்று மட்டும் கேட்கும்.
முதலாவது மட்டும் போதும்.
இரண்டாவது மட்டும் போதும்.
சேர்ந்தால் போதும்.
சேர்ந்தாலும் போதாது.
இதில் மட்டும் நான் தப்பு விடுவதில்லை,
பயிற்சி வீட்டிலேயே கிடைக்கிறது.

கூற்று ஒன்று: கட்டணம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வெள்ளி.
கூற்று இரண்டு: வீட்டுக்கடன் இன்னும் இருபத்தோரு வருடம்.
வினோதன் மின்கட்டண ரசீதின் பின்புறம்
நெடுநேரம் கூட்டிக் கழித்தான்.
"நீ சேரணும்னுதான் நானும் நெனைக்கிறேன்."
வாக்கியங்களைப் பிரித்துப் பார்த்தே பழகிவிட்டவள் நான்.
அந்தத் 'தானு'க்குப் பின்னால்
ஓர் 'ஆனால்' நின்றிருந்தது,
லிஃப்ட்டுக்குக் காத்திருப்பவரைப் போல
எங்கோ பார்த்துக்கொண்டு.

மூன்றாம் முறை. தேர்வு மையம், ஏழாம் மாடி.
பைகளை வெளியே இழுத்துக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன்.
கைக்கடிகாரம் லாக்கரில்.
உள்ளங்கையைக் கருவியின்மேல் வைக்கச் சொன்னாள்
தூக்கம் போதாத அந்தப் பெண்.
ரேகையை அது கண்டுகொள்வதில்லை.
தோலுக்கடியில் ஓடும் நரம்பைப் படித்து,
சென்ற இரண்டு முறை வந்தவளேதான் இவள் என்று
பச்சை விளக்குப் போட்டது.
அதை நம்ப எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பதினேழாம் கேள்வியில் மறுபடி ஆட்கள்.
பத்துப் பேர், ஒரு கிடங்கு.
மொபாரக்கை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.
செல்வமணியையும்.
மன்னிச்சுக்குங்க, ரெண்டே நிமிஷம்.
பத்து, வெறும் பத்தானது.
சொடுக்கினேன்.

திங்கட்கிழமை, துவாஸ்.
வேலைத்திட்டத் தாளில் மேலாளர்
எட்டுப் பேர், ஒன்பது நாள் என்று எழுதியிருந்தார்.
அவர் பட்டம் வாங்கிய கல்லூரி
அவர் தலைக்கு மேலே சட்டத்தில் தொங்குகிறது.
ஒன்பதை அடித்தேன்.
பதினொன்று என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்திட்டேன்.
"என்ன கணக்கு இது?" என்றார்.
உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்,
பெயர் பெயராக.

என் மதிப்பெண்ணை இன்னும் வினோதனிடம்கூடச் சொல்லவில்லை.
மொபாரக்கின் பல்லுக்குப்
புதன் மாலை ஐந்தரைக்கு நேரம் வாங்கியாயிற்று.