காலி எடை

கடைசியாக நான் கேட்ட கேள்வியை
நான் கேட்கவேயில்லை.

வாய்மொழித் தேர்வு. முபாரக் எழுந்து நிற்கிறான்,
திரையில் நான்காம் அத்தியாயம்.
புறத் தேர்வாளர் பக்கோடாத் தட்டை நகர்த்திவிட்டு
வழிகாட்டி நீங்கள் கேளுங்களேன் என்கிறார்.
எனக்கு மின்விசிறிதான் தெரிகிறது.
மூன்று இறக்கைகளில் ஒன்றில் மட்டும்
தூசி குறைவாக இருப்பது ஏன்?
ஒரு நிமிடம். இரண்டு.
என் மௌனத்தை அவன்
கடினமான கேள்வி என்று எடுத்துக்கொண்டான்.
வியர்த்து, தண்ணீர் குடித்து,
அளவுப்பிழை ஒன்றை மறைத்ததாக
யாரும் கேட்காமலே ஒப்புக்கொண்டான்.
எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

இருபத்தெட்டு வருடம் பீளமேட்டில் இயற்பியல்.
அதில் ஒன்பது, துறைத்தலைவர் நாற்காலியில்.
தரக்குழு வரும்போதெல்லாம்
வாடகைப் பூந்தொட்டிகளுக்கு
நானே நின்று இடம் காட்டுவேன்.
குழு போன மறுநாள் அவை வண்டியேறும்.
நான் ஏறியதில்லை.

டாக்டர் கமலவேணி நாற்பது நாள் எழுதிக்கொடுத்தார்.
எங்கேயாவது போய்வாருங்கள் என்றார்,
எங்கே என்று எழுதவில்லை.
கிணத்துக்கடவு தாண்டியதும் டயர் பஞ்சர்.
எதிரே லாரி எடை மேடை.
நிழலுக்கு ஒதுங்கினேன்.
மறுநாள் பஞ்சர் இல்லாமலே போனேன்.

கணினி, ரசீது, சண்டை, எல்லாம் மயிலாத்தா ஒருத்திதான்.
தேங்காய் மட்டை, நார்க்கட்டு, மக்காச்சோளம், கோழித்தீவனம்.
"காலி வண்டி போட்டாச்சுங்களா?"
"டிரைவரோடவா, எறங்கியா?"
நாள் முழுக்க இந்த இரண்டே கேள்விகள்.
அளவீட்டின் நிச்சயமின்மை பற்றி
முப்பத்தோரு கட்டுரை எழுதியவள் நான்.
இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

ஆடிக்காற்று கணவாய் வழியே புகுந்து
வெறும் மேடையை வந்து தள்ளும்.
திரையில் பத்து, பூஜ்யம், மைனஸ் பத்து.
"மெஷினு கெட்டுப்போச்சுங்களா?"
"காத்துங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம், தானா வந்து நிக்கும்."
அதற்குமேல் எதுவும் சொல்லாமல்
சோள வண்டிக்காரனோடு அறுபது கிலோவுக்கு
மல்லுக்கட்டப் போய்விட்டாள்.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ,
வண்டி வராத ஒரு மத்தியானம்
செருப்போடு மேடையில் ஏறி நின்றேன்.
அறுபது என்றது.
வீட்டில் அறுபத்து நாலு.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
இறங்கி மறுபடி ஏறினேன். அறுபதேதான்.
அந்த நாலு கிலோ
எவன் கணக்கிலும் இல்லை,
எந்தக் கோப்பிலும் இல்லை.
கல்லூரிக்குத் தெரியாமல்
நாலு கிலோ நான் மிச்சமிருக்கிறேன்.
அழுகை வந்தது. சிரிப்பும்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மயிலாத்தா
"ரசீது வேணுங்களா?" என்றாள்.
ஐம்பது ரூபாய். கொடுத்தேன்.

புரட்டாசியில் திரும்பினேன்.
செந்தாமரையிடம் துறையை ஒப்படைத்தேன்.
சாவிக்கொத்தை அவள் வாங்கிய விதத்தில்
என் பழைய கை தெரிந்தது.
சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.
ஏழு குழுக்களில் ஐந்தை விட்டேன்,
ஆறாவதையும் விட்டிருக்கலாம், மனசு வரவில்லை.
விடிகாலை மூன்றுக்கு இன்னும் விழிப்பு வருகிறது.
மடிக்கணினியைத் திறப்பதில்லை.
சிறுவாணித் தண்ணீர் வரும் நாளென்றால் மோட்டார் போடுகிறேன்,
இல்லையென்றால் கிடக்கிறேன்.

முபாரக்கை அழைத்து உண்மையைச் சொன்னேன்:
அன்றைக்கு நான் எதையும் கேட்கவில்லையப்பா.
வெகுநேரம் பேசாமல் இருந்தான்.
"இருந்தாலும் அந்தப் பிழை இருந்துச்சுங்க, மேடம்."

ரசீது பர்ஸில் இருக்கிறது, மை மங்கிக்கொண்டு வருகிறது.
மொத்த எடை: அறுபது.
காலி எடை என்ற கட்டத்தில்
மயிலாத்தா பேனாவால்
ஒரு கோடு போட்டிருக்கிறாள்.