கித்தேரியான் சாப்பிடவில்லை

முதல் வரியை மட்டும் நாற்பத்தொரு தரம் எழுதியிருக்கிறேன்.
நாற்பத்தொன்றிலும் மழை.
கடைசியில் மழையை எடுத்துவிட்டேன்.
குடை மிஞ்சியது.
எதற்கென்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு
துறைமுக வாசலில் ஒருவன் நிற்கிறான்.
அவன்தான் கித்தேரியான்.

எனக்கு ஜம்பட்டா வீதியில் மூன்றாம் மாடி,
ஒரு மேசை, ஒன்பது சி.ஆர். கொப்பி.
பகலில், கப்பல் சரக்கு எடுத்துக்கொடுக்கும் கந்தோரில்
பிறருடைய பெட்டிகளுக்குப் படிவம் நிரப்புகிறேன்:
எடை. எண்ணிக்கை. உள்ளே இருப்பது என்ன.
இரவில் என் பெட்டி.
உள்ளே இருப்பது என்ன என்ற கட்டத்தில்
பேனை நின்றுவிடுகிறது.

முதல் பிரதியில் எல்லோரும் பேசினார்கள்.
இரண்டாவதில் எல்லோரும் யன்னலோரம் நின்று யோசித்தார்கள்.
மூன்றாவதில் அவன் மனைவியின் பெயரை
ஸ்தெல்லாவிலிருந்து பிலோமினா ஆக்கினேன்,
பிறகு மனம் கேட்காமல் மறுபடி ஸ்தெல்லா.
எண்பதாம் பக்கத்தில் மட்டும் இன்னமும்
இரண்டு பேரும் அவனுக்குச் சட்டை மினுக்குகிறார்கள்.

தம்பி டொரொன்டோவிலிருந்து கேட்பான்,
முடிஞ்சுதா அக்கா?
முடியுது.
ஒவ்வொரு நத்தாருக்கும் முடியுது.

பாமினியில் தட்டியதை யுனிகோட்டுக்கு மாற்றிய அன்று
எழுத்துகள் உடைந்தன.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
அறுத்த மாட்டைக் கூறு போட்டதுபோல
முந்நூறு பக்கம்.
ஒவ்வொரு கொம்பாய்த் தூக்கி
அதனதன் மெய்யோடு சேர்த்து முடிக்க
ஒரு மழைக்காலம் போனது.

பிறகு கடதாசி விலை ஏறிய வருடம்.
கரண்ட் போகும் நேரம் பேப்பரில் வரும்;
அதைப் பார்த்தே என் ஆட்கள் பேசி முடித்தார்கள்.
நாவல் நூற்றுப்பன்னிரண்டு பக்கம் இளைத்தது.
கேட்டவர்களிடம்
செறிவு என்று சொன்னேன்.

ரெக்லமேஷன் வீதி போட்டோக்கொப்பிக் கடையில் ருஷ்தா.
மெஷின் சூடாகும் வரை கையில் கிடைப்பதை வாசிப்பாள்,
மேலே தெரியும் ஒற்றைப் பக்கங்களை மட்டும்.
போன மாதம், காசை எண்ணிக்கொண்டே,
தலை நிமிராமல் கேட்டாள்:
"ஒங்கட ஆளு ஒண்டுமே தின்னல்லியே.
இரட்டப் பக்கத்தில தின்டானா?"

அறைக்கு வந்து இரட்டைப் பக்கங்களையும் பார்த்தேன்.
இரண்டு மரணம், ஒரு வேலைநிறுத்தம்,
திருநாள் கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு பிள்ளை.
நூற்றெண்பத்தெட்டுப் பக்கத்தில்
ஒரு பிளேன்ரீ இல்லை.

அன்றிரவு அவனுக்குப் பாணும் பருப்பும் வைத்தேன்.
குடையைக் கதிரையில் மாட்டிவிட்டு இருந்தான்.
பாணின் ஓரத்தைப் பிய்த்துத்
தட்டின் விளிம்பில் வரிசையாய் அடுக்கினான்.
ஓரம் பிடிக்காதாம்.
ஆறு வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம்,
ஒரு சொல் சொன்னானா?

சிக்கல் என்னவென்றால்
நூற்றெழுபதாம் பக்கத்தில் அவன் கடலில் இறங்கவேண்டும்.
அதற்காகத்தான் முதல் வரியிலிருந்து
அவனைக் கடலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.
இப்போது பருப்பை வழித்து நக்கிவிட்டு
நாளைக்கு மீன் கிடைக்குமா என்கிறான்.
நாளைக்கு என்ற சொல்
என் கையெழுத்தில் அதுவரை இல்லை.

பத்தாவது கொப்பி வாங்கியாயிற்று.
ருஷ்தாவிடம் சொல்லவில்லை,
சொன்னால் கறி என்ன என்று கேட்பாள்.

இரவு பத்தே முக்கால்.
துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் இரண்டு தரம் ஊதுகிறது.
அவன் கை கழுவ எழுந்துவிட்டான்.
அடுத்த வரியில் தண்ணீர் வேண்டும்.
எங்கள் மாடிக்குப் பத்து மணிக்குப் பிறகு
குழாய் வராது.
பருப்புக் கையோடு நிற்கிறான்,
நான் வாளியைத் தேடுகிறேன்.