நான்காவது நிரல்

பாடத்திட்டத் தாளில் நான்காவது நிரல்:
தொழினுட்பப் பயன்பாடு.
மற்ற மூன்றும் நேற்றே நிரம்பிவிட்டன.
இதை மட்டும் பென்சிலால் எழுதி
அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்து
அந்த இடத்தில் தாள் மெலிந்துபோயிற்று.

கல்வியியற் கல்லூரியில் சொன்னார்கள்,
கரும்பலகையின் காலம் முடிந்துவிட்டதாம்.
குறிப்பெடுத்துக்கொண்டேன்,
கரும்பலகையைப் பார்த்து.

புல்மோட்டை பஸ்ஸில் போய்
இறக்கக்கண்டிப் பாலத்தடியில் இறங்கி நடந்தால்
என் பயிற்சிப் பள்ளிக்கூடம்.
தரம் எட்டு. முப்பத்தொரு பிள்ளைகள்.
அலுமாரிக்குள் நாலு ரப்.
தந்தவர்களின் பெயர் ஒட்டிய உறை
இன்னும் பளபளக்கிறது.
ஒன்றுக்குச் சார்ஜர் இல்லை.
திறப்பு அதிபரிடம்.
அதிபர் திங்கட்கிழமைகளில் வலயக் கந்தோரில்.
ஆகவே திங்கட்கிழமைகளில்
எங்களுக்கு எதிர்காலம் இல்லை.

சஃப்னாவை எழுத இந்த நிரல் போதாது.
வகுப்பு வட்சப் குழுவில் அவளும் இருக்கிறாள்,
வாப்பாவின் நம்பராய்.
பின்னேரமானால் நம்பர் கடலுக்குப் போய்விடும்,
ஷொப்பிங் பையில் இறுகச் சுற்றி
எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டிக்குள்.
நான் அனுப்பிய இலையின் குறுக்குவெட்டு
ஒற்றைச் சரியோடு இரவெல்லாம் காத்துக் கிடக்கும்.
விடிய, படகு மணலில் ஏறியதும்,
இரண்டாவது சரி விழும்.
ஏழரைக்கு அவள் கொப்பியின் படம் வரும்:
இலைவாய், இரண்டு காவற்கலம்,
மூலையில் ஒட்டியபடி ஒரு மீன்செதில்.

நிதுர்சன் வகுப்பில் வாய் திறந்ததில்லை.
முதல் எழுத்திலேயே மூச்சு சிக்கிக்கொள்ளும்.
பின்வாங்கில் சிரிப்புக் கிளம்ப முதல்
நான் அடுத்த பிள்ளையைக் கேட்டுவிடுவேன்.
அதை இரக்கம் என்று நினைத்திருந்தேன்.
ஒருநாள் இரவு பதினொன்றே முக்காலுக்கு
ஒரு குரற்பதிவு.
மூன்று நிமிடம் பத்து செக்கன்.
போர்வைக்குள் இருந்து பேசியிருக்க வேண்டும்.
"ரீச்சர், ஒ... ஒ... ஒளித்தொகுப்பு..."
மின்விசிறி. எங்கோ ஒரு நாய்.
திக்கிய இடத்தை அழித்துவிட்டுத்
திரும்பப் பேசலாம்தானே,
அவன் அழிக்கவில்லை.
கடைசியில் ஒரு கேள்வி:
வெயில் இல்லாத நேரம்
மரம் முழிச்சிருக்குமா, ரீச்சர்?
நான் விடியும்வரை முழித்திருந்தேன்.

ஆனால் இதுவும் நடந்தது.
ஒப்படை கொடுத்தேன், எங்கள் ஊரில் கடலரிப்பு.
ஒன்பது பேர் ஒரே வசனத்தில் தொடங்கினார்கள்:
"கடலரிப்பு என்பது இன்றைய உலகின்
முக்கியமான சூழற் பிரச்சினையாகும்."
ஓர் எழுத்துப்பிழை இல்லை.
ஒரு தென்னைமரமும் விழவில்லை.
வளவுக்குப் பின்னால் சரிந்து கிடக்கும் தென்னையில்
ஏறி இருந்துதான்
அதைப் போனிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள்,
அங்கேதான் சிக்னல் வரும்.
சிவப்புப் பேனையை எடுத்தேன்.
வைத்தேன்.
போன மாதம் என் பயிற்சி அனுபவக் குறிப்பை
நானும் அப்படித்தான் எழுதினேன்.
"மிக நன்று" என்று திரும்பி வந்தது.

நல்லதா கெட்டதா என்று
நேர்முகத்தில் கேட்பார்கள்.
சொல்ல என்னிடம் வசனம் இல்லை.
ஒரு மீன்செதில் இருக்கிறது.
விழாத ஒன்பது தென்னை இருக்கிறது.

உப்புவெளி அறையில் இப்போது கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பதினொரு வீதம்.

ரப் மூன்று, செவ்வாய்க்கிழமை என்றால்.
சஃப்னாவின் வாப்பா கரை வரும் நேரம்.
சரிந்த தென்னைவரை நடக்க நாற்பது நிமிடம்,
போய் அதன் வேரைப் படம் எடுக்கப் பிள்ளைகளுக்கு என் போன்.
குரற்பதிவு (நிதுர்சனிடம் முதலில் கேட்க வேண்டும்,
அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்).

மேற்பார்வைக்கு வரும் சேர்
இதில் தொழினுட்பம் எது என்று கேட்பார்.
எட்டு வீதம்.
இந்தமுறை பேனையால் எழுதினேன்.
மெலிந்த தாளில் மை ஊறி
மறுபக்கம்
'மதிப்பீடு' என்ற சொல்லில் படர்ந்துவிட்டது.