மூன்று முறை செத்தவன்

வர்ஸாஸாத்தில் படம் போட்டார்கள்.
மூன்று இடத்தில் செத்திருக்கிறேன், கவனித்துப் பார்
என்று இட்டோவிடம் சொல்லியிருந்தேன்.

மூன்று நாள் பாலை கடந்தும்
இளவரசியின் உதடு வெடிக்கவில்லை.
சுல்தானின் கற்கோட்டை காற்றடித்தால் நடுங்குகிறது;
அதற்குச் சுண்ணாம்பு பூசியதும் நான்தான்.
காதல் வசனம் வரும்போதெல்லாம்
பின்வரிசை பூசணி விதை கொறித்தது.

ஆனால் அந்தப் புழுதிப்புயல் நிஜம்.
யாரும் கேட்டு வந்ததல்ல.
நாயகன் வசனத்தை மறந்து
குதிரையின் கண்ணைத் தன் சட்டையால் மூடுகிறான்.
கொறிக்கும் சத்தம் நின்றது.

முதல் சாவில் நான் வெறும் தூசி.
கடைசிச் சாவில் ஒரு முதுகு.
நடுவில், மதிலிலிருந்து விழும்போது
இட்டோ என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

வெளியே வந்ததும் சொன்னாள்:
"படம் சுமார்தான்.
அவளுக்கு ஒட்டகம் ஏறவே தெரியவில்லை."

வீடு வரைக்கும்
பிடியை விடவில்லை.