ஒன்பது இருபது

நாளுக்கு நான்கு முறை
சின்னக் குழாயில் துப்ப வேண்டும்.
பஸ் ஓட்டுநர்களின் மன அழுத்தம் பற்றி ஆய்வாம்.
இரண்டு வாரத்துக்கு எண்பது வெள்ளி,
அதுவும் வவுச்சராக.

குழாய்கள் ஃப்ரீசரில், வஞ்சிரத் துண்டுகளுக்குப் பக்கத்தில்.
"இதையும் குழம்பில் போட்டுடாதேம்மா"
என்கிறாள் யாழிசை.

கூடவே ஒரு தாள்:
கடந்த அரை மணி நேரத்தில் என்ன நடந்தது?
எல்லாக் கட்டத்திலும் எழுதினேன்:
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை, மழை.

டாக்டர் ஹுவீ ஷான் கணினித் திரையைத்
என் பக்கம் திருப்பினார்.
வேலை நாளெல்லாம் நல்ல பிள்ளை;
காலையில் ஏறி மாலையில் சரிகிற கோடு.
ஞாயிறு, ஓய்வு நாள்,
இரவு ஒன்பது நாற்பதுக்கு மட்டும்
செங்குத்தாய் ஒரு மேடு.

"கார்ட்டிசோல் தாமதமாக வரும் விருந்தாளி.
இருபது நிமிடம் பின்னால் போய்ப் பாருங்கள்."

போனேன்.
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
எதிர்வீட்டுத் திருவாட்டி கோ கொடுத்த ஆரஞ்சுப் பை
மேசையிலிருந்து சரிந்தது.
தரையில் தொம், தொம்,
அப்புறம் அந்த நீளமான உருளல்.
கை சோப்பு நுரையில் இருந்தது.
வலது கால், இப்போதுதான் நினைவு வருகிறது,
தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

போன வருடம், சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம்,
காத்திப் நிலையத்துக்குச் சற்று முன்னால்
குறுக்கே ஒரு சைக்கிள்.
மிதித்தேன்.
பின்னால் ஒரு பெரியவர் விழுந்தார்.
அவர் எழும் முன்பே
அவருடைய ஆரஞ்சுகள் என் இருக்கைவரை வந்துவிட்டன.
முழங்காலைத் தட்டிக்கொண்டு
"பரவால்ல லா" என்று கையசைத்தார்.
அறிக்கையில் எழுதினேன்: காயம் இல்லை.
கையெழுத்தும் போட்டேன்.

மூளைக்கு அடியில், பாதாம் பருப்பளவில்,
அமிக்டலா என்று ஒன்று.
தேதி குறித்துவைப்பது அதன் வேலையல்ல,
அது பக்கத்து மேசை.
அறிக்கை படிக்காது. காலண்டர் தெரியாது.
உருளும் சத்தம் கேட்டால் பிரேக்கை மிதிக்கும்,
ஈசூனில், ஆறாவது மாடிச் சமையலறையிலும்.

எனக்கு இரண்டு பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது:
எல்லோரும் உட்காரும்வரை
வண்டியை எடுக்காத பொறுமைசாலி என்று.
நானும் அதை என் குணமென்று நம்பி
சீருடையோடு சேர்த்து மாட்டித் திரிந்தேன்.
பாதாம் பருப்பே,
அது நீதானா?

டாக்டரிடமும் கேட்டேன்.
பேனாவை மூடினார், திறந்தார்.
"அவ்வளவு தூரம் எச்சிலில் தெரியாது" என்றார்.

திங்கட்கிழமை. முதல் வண்டி. வெளியே இன்னும் இருட்டு.
தள்ளுவண்டியோடு ஒரு மூதாட்டி ஏறுகிறார்,
அட்டையைத் தேடுகிறார், தட்டுகிறார்,
ஒவ்வொரு கம்பியாய்ப் பிடித்து நடக்கிறார்.
ரேடியோவில் கட்டுப்பாட்டு அறை:
இரண்டு நிமிடம் தாமதம்.

கண்ணாடியில் பார்க்கிறேன்.
இன்னும் உட்காரவில்லை.