ஒத்தி

ஹட்டனில் மழை பெய்தால்
எங்கள் காரியாலயத்தில் ஒரு மூலைக்கு மட்டும் தெரியும்.
அங்கே வாளி.
வாளிக்குப் பக்கத்தில்
மனுதாரர் பெரியண்ணன் பூங்காவனம்,
வயது நாற்பத்து மூன்று,
மேல் டிவிஷன், இரண்டாம் லயம், ஏழாம் காம்பரா.
இவ்வளவும் தட்டிவிட்டேன்.

தொழில் என்ற இடத்தில்
வேட்பாளர் என்று போடச் சொன்னார்.
அது தொழில் இல்லக்கா என்றேன்.
பதினாலு மாசமா அதத்தானே செய்றேன் என்றார்.

கொழுந்து பறிப்பவர் என்று தட்டினேன்.
இன்றைக்குப் பெரட்டில் அவருக்குப் பேர் இல்லை.
வாக்காளர் இடாப்பில் உண்டு.

மூன்று முறை தள்ளிப்போயிற்று பிரதேச சபைத் தேர்தல்.
முதல் அறிவித்தலில் மண்சரிவு.
சரி, மண் சரிந்தது உண்மை.
வாக்குச்சாவடி ஆகவேண்டிய பள்ளிக்கூடத்தில்
பிள்ளைகளின் வாங்குகளைச் சேர்த்துப் போட்டு
ஐந்து இரவு படுத்திருந்தார் இவரே.
இரண்டாவதில் காசில்லை, தாளில்லை.
மூன்றாவதில் காரணமே இல்லை.
மறு அறிவித்தல் வரை.
கீழே கையொப்பம், நல்ல வளைவான கையொப்பம்.

ஓடைக்குப் போக்குப் போடுவேன் என்று
இவர் அடித்த ஐந்நூறு துண்டுப்பிரசுரமும்
மாவு டின்னுக்குள் ஈரத்தில் ஒட்டி
ஒரே கட்டியாகிவிட்டதாம்.
பிள்ளைகள் இன்னும்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடையைக் கடக்கிறார்கள்.

சட்டத்தரணி நிலூஃபா மிஸ் சொல்லச் சொல்ல
பந்தி ஒன்பதைத் தட்டுகிறேன்:
தள்ளிவைக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு,
காரணம் சொல்லி, தேதி சொல்லி.
நாளை நகர்த்தலாம்.
நாளே இல்லாமல் ஆக்க இயலாது.

அப்போதுதான் பூங்காவனம் அக்கா
மணிபர்சைத் திறந்து
எட்டாக மடித்த சீட்டு ஒன்றை மேசையில் விரித்தார்.
தோடு ஒரு சோடி. கட்டுப்பணத்துக்கு வைத்தது.
மீட்க வேண்டிய தேதி ஊதா மையில்.
"கடக்காரன் பெட்டியில கெடந்தாலும்
தோடு என்னோடதுதான் மிஸ்.
தேதி போட்டிருக்கான்ல.
இது யாரோடது?"
வர்த்தமானியின் மேல் விரலை வைத்தார்.
கொழுந்துக் கறை ஏறிய விரல்.

ஒத்திவைப்பு.
இந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் முறை தட்டியிருப்பேன்.
உள்ளே ஒத்தி இருப்பது
இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.
ஒத்திக்கு வாங்கியவன்
நிலத்தில் இருக்கலாம், விளைந்ததைத் தின்னலாம்,
விற்க முடியாது. மீட்க வந்தால் எழும்ப வேண்டும்.
ஒத்திக்கு வைக்க ஒரு முழம் நிலமில்லாத எங்களிடம்
தோடு உண்டு.
அப்புறம் இது.

இவருடைய அப்பா பெரியண்ணன்
முதன்முதல் சின்ன விரலில் மை வைத்துக்கொண்டது
ஐம்பத்திரண்டு வயதில்.
அவர் காலத்தில் ஒத்திக்கு வாங்கவில்லை,
எடுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.
திருப்பித் தந்தபோது
யாரும் வட்டி தரவில்லை.

இதைப் பந்தி பத்தாகப் போடலாமா மிஸ் என்று கேட்டேன்.
சட்டம் பேசும் இடத்தில் கதை வேண்டாம் என்றார்.
சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம்
வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோர்ட்டிலயும் தள்ளிப் போடுவாங்களா?
போடுவார்கள் அக்கா. தவணை தருவார்கள்.
தேதியோடயா?
தேதியோடு.
அப்பச் சரி என்று கையெழுத்துப் போட்டார்,
ஒவ்வோர் எழுத்தாக, பூ, ங், கா,
கோட்டுக்கு வெளியே போகாமல்.

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்.
அதற்குள் அடகுக்கடைக்குப் போக வேண்டுமாம்.
மீட்க இல்லை, வட்டி கட்ட.
கட்டினால் இன்னும் ஆறு மாதம் தருவான்.
பழைய தேதியை வெட்டி
பக்கத்தில் புதுத் தேதி எழுதுவான்,
யாரும் கேட்காமலே.